றங்குப்பெட்டியில் கிடைத்த பதக்கமும் பழைய படமும்: எதை எப்படி அடையாளம் காண்பது?

மட்டக்களப்பு ஆரையம்பதியிலிருந்து ஒரு தம்பி நாலைந்து படங்களோடு கேட்டிருக்கிறார். வீடு திருத்துவதற்காக அம்மப்பாவின் றங்குப்பெட்டியைத் திறந்தபோது, பட்டி கோத்த வெள்ளிநிறப் பதக்கம் ஒன்றும் ஒரு கறுப்பு வெள்ளைப் படமும் கிடைத்தனவாம். சாமியறையில் பூ வைக்கும் பித்தளைக் குவளையும் அம்மப்பா கொண்டுவந்ததுதானாம். "அம்மப்பா பர்மாவில சண்டை பிடிச்சவர். குவளை ஹெர்மிஸ் கப்பல்ட செல். படத்தில பக்கத்தில நிக்கிற வெள்ளைக்காரன் அந்தக் கப்பல்ல இருந்து தப்பினவன்." இது வீட்டுக்கதை. ஹெர்மிஸ் என்பது இரண்டாம் உலகப் போரில், 1942இல், ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்த பிரித்தானியப் போர்க்கப்பல். செல் என்று வீட்டார் சொல்வது அதன் துப்பாக்கிக் குண்டின் கோதை. இதில் எவ்வளவு உண்மை, என்ன விலை போகும், பதக்கத்தை மினுக்கலாமா என்று கேட்கிறார். வயலில் கிடந்த ரவைக்கோதுகளையும் சேர்க்கத் தொடங்கியிருப்பதாகக் கடைசி வரியில் ஒரு சேதி.

தம்பி, மினுக்க வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு.

இருபத்திரண்டு வயதில் எனக்கு ஒரு தொப்பிச் சின்னம் கிடைத்தது. பிராசோ என்ற பித்தளை மினுக்கி போட்டு ஒரு பின்னேரம் முழுக்கத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. மறுகா ஒரு பழைய சேகரிப்பாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில ஒள்ளுப்பம் பொன்முலாம் இருந்திருக்கும், நீ அதையும் உரஞ்சிப்போட்டாய்" என்றார். அன்று போனது போனதுதான். பித்தளையின் கறுப்பு ஊத்தை இல்லை, அது வயது. எது கையில் வந்தாலும் மெல்லிய பருத்தித் துணியால் தூசு தட்டுங்கள், அவ்வளவும் போதும். பட்டியைக் கழுவவும் வேண்டாம், கழற்றிப் புதுப்பட்டி போடவும் வேண்டாம்.

இனிப் பதக்கம். நீங்கள் அனுப்பிய படத்தில் பட்டி நடுவில் செம்மஞ்சள், இரு கரையும் பச்சை, ஒவ்வொரு பச்சைக்குள்ளும் மெல்லிய கறுப்புக் கோடு. ஒரு பக்கம் கிரீடமில்லாத தலையோடு ஆறாம் ஜோர்ஜ் மன்னர். மறுபக்கம் ஓக் மரக்கட்டையின் மேல் கிரீடம், இரு பக்கமும் சிங்கங்கள், 1939, 1945 என்ற ஆண்டுகள். சந்தேகமே இல்லை, இது டிஃபென்ஸ் மெடல், அதாவது பாதுகாப்புப் பதக்கம். செம்மஞ்சள் குண்டுவீச்சில் எரிந்த நெருப்பு, பச்சை இங்கிலாந்தின் நிலம், கறுப்பு விளக்கணைத்த இரவுகள் என்று அந்தப் பட்டிக்குப் பொருள் சொல்வார்கள்.

பர்மாப் போர்முனையில் நின்றவர்களுக்குக் கிடைத்தது வேறு. பர்மா ஸ்டார் என்பது ஆறு முனையுள்ள, மஞ்சள் உலோக நட்சத்திரம். வட்டமாக இராது. வட்டத்தில் இன்னொன்று உண்டு: 1939-45 வார் மெடல். அதில் மன்னர் கிரீடம் தரித்திருப்பார், மறுபக்கம் ஒரு சிங்கம் இரண்டு தலை கொண்ட பறவைநாகத்தை மிதித்துக்கொண்டு நிற்கும், பட்டி சிவப்பு நீலம் வெள்ளை. பாதுகாப்புப் பதக்கமும் வார் மெடலும் ஒரே அளவு, ஒரே நிறம் என்பதால் சனம் மாறிச் சொல்வது வழக்கம்.

பர்மா ஸ்டார் இருந்து தொலைந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். இருக்கலாம். ஆனால் கையில் இருப்பது சொல்வதை முதலில் கேட்போம். பாதுகாப்புப் பதக்கம் படையினருக்கு மட்டும் உரியதில்லை, குடிசார் பாதுகாப்புச் சேவையில் இருந்தவர்களுக்கும் கிடைத்தது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை. அந்தக் காலத்தில் ஒலிவர் குணதிலக்க குடிசார் பாதுகாப்பு ஆணையாளராக இருந்தார். ஏ.ஆர்.பி. என்று மூன்றெழுத்தில் சொல்லப்பட்ட வான்தாக்குதல் முன்காப்புச் சேவைக்கு ஊரவர்களைத்தான் சேர்த்தார்கள். உங்கள் படத்தில் அம்மப்பாவின் இடக்கைப் பட்டியைப் பெருப்பித்துப் பாருங்கள். மூன்று எழுத்து இருக்கிறது, முதல் எழுத்து ஆங்கில ஏ மாதிரித் தெரிகிறது. இடுப்பில் தோட்டாப் பை இல்லை, தோளில் படைப்பிரிவின் பெயர் இல்லை, காலில் பட்டி இல்லை. என் கணிப்பில் அவர் படைவீரர் இல்லை, ஏ.ஆர்.பி. தொண்டர். பதக்கமும் படமும் ஒன்றுக்கொன்று ஒத்துவருகின்றன, பர்மாக் கதைதான் ஒத்துவரவில்லை.

பதக்கத்தின் விளிம்பில் பெயர் இல்லையே என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்காது. முதலாம் உலகப் போரின் பதக்கங்களில் விளிம்பில் இலக்கம், பதவி, பெயர், பிரிவு எல்லாம் பொறித்திருப்பார்கள். இரண்டாம் போர்ப் பதக்கங்களைப் பிரித்தானியா பெயரில்லாமலே வழங்கியது. இந்தியா, தென்னாபிரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகள்தான் தங்கள் ஆட்களுக்குப் பெயர் பொறித்துக் கொடுத்தன. ஆகவே யாராவது இரண்டாம் போர்ப் பதக்கத்தில் வடிவாக இலங்கையர் பெயர் வெட்டி, "இது அசல்" என்று நீட்டினால், பெயர் பிறகு வெட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தவரே கடையில் கொடுத்து வெட்டியிருக்கலாம், அது குற்றமில்லை. விலையைக் கூட்டுவதற்காக வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

குவளைக்கு வருவோம். அடிப்பக்கத்தைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்பியதற்கு நன்றி, பலர் பூவோடு சேர்த்து எடுத்து அனுப்புவார்கள்! 40 எம்.எம். என்று இருக்கிறது, கோழிக்கால் மாதிரி மூன்று கோட்டு அம்புக்குறி இருக்கிறது, 1943 என்று இருக்கிறது. அம்புக்குறி பிரித்தானிய அரச உடைமைக்கான அடையாளம். தூரநோக்கி, தண்ணீர்ப் போத்தல், கத்தி, கோடரி எல்லாவற்றிலும் இதைக் காணலாம். நீங்கள் அளந்த உயரம் 31 சென்டிமீட்டர். போபர்ஸ் விமான எதிர்ப்புத் துப்பாக்கியின் கோது அந்த அளவுதான். நடுவில் உள்ள வட்ட மூடியில் ஊசி குத்திய பள்ளம் தெரிகிறது, சுட்ட கோது.

இப்போது ஆண்டைப் பாருங்கள். ஹெர்மிஸ் மூழ்கியது 1942 ஏப்ரல் 9. அதற்கு அடுத்த வருடம் செய்த கோது அந்தக் கப்பலில் எப்படி இருக்கும்? ஹெர்மிஸிலிருந்த பெரிய துப்பாக்கிகள் 5.5 அங்குலமும் 4 அங்குலமும். போபர்ஸ் அதில் இல்லை. இன்னும் ஒன்று, பித்தளைக் கோது மிதக்காது. கப்பல் ஐம்பது மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. அன்றைக்குக் கல்லடிக் கரையில் செல்கோது ஒதுங்கியது என்று நானும் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். மரத்துண்டும் எண்ணெயும் உயிர்காப்பு மிதவையும் ஒதுங்கும், பித்தளை ஒதுங்காது. போர் முடிந்தபின் முகாம் சாமான்கள் ஏலத்துக்கும் பழைய இரும்புக் கடைக்கும் வந்தன, அப்படி வாங்கிப் பூக்குவளையாக்கிய கோதுகள் இலங்கை முழுக்க உண்டு.

ஹெர்மிஸ் பற்றி நம்மூரில் கதை மிகுதி என்பதால் உறுதியானதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். திருகோணமலைக்குத் தாக்குதல் வருகிறது என்று தெரிந்து முதல்நாள் இரவு துறைமுகத்தை விட்டு வெளியேறிய விமானந்தாங்கிக் கப்பல் அது. அன்று அதில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. காவலுக்குப் போன அவுஸ்திரேலிய நாசகாரி வம்பயர், ஹொலிஹொக் என்ற சிறு போர்க்கப்பல், அதெல்ஸ்ரேன், பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல்கள் எல்லாம் அதே நாளில் மூழ்கின. ஹெர்மிஸில் மட்டும் 307 பேர் இறந்தார்கள், கப்டன் ஒன்ஸ்லோவும் அவர்களில் ஒருவர். தப்பியவர்களில் பெரும்பாலோரை, ஏறக்குறைய 600 பேரை, வீற்றா என்ற மருத்துவக் கப்பல் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போனது. நீந்திக் கரை சேர்ந்தவர்கள் சிலர்தான். அந்த உடைந்த கப்பல் இன்றும் ஒரு புதைகுழி. சுழியோடுகிற பிள்ளைகள் அதிலிருந்து பூட்டையும் கரண்டியையும் கழற்றிக்கொண்டு வந்து காட்டினால் எனக்குக் கோபம் வரும். வாங்கவே மாட்டேன்.

சரிந்துகொண்டிருக்கும் ஹெர்மிஸின் படம் ஒன்று அடிக்கடி கைமாறும். "எங்கட அப்பா கரையில நிண்டு எடுத்தது" என்று மூன்று வெவ்வேறு வீட்டில் எனக்குக் காட்டியிருக்கிறார்கள். மேலிருந்து கீழ்நோக்கி எடுத்த படம் அது. எடுத்தது ஜப்பானிய விமானத்திலிருந்து.

உங்கள் படத்துக்கு வருகிறேன், இதுதான் எனக்குப் பிடித்த இடம். பழைய படத்தை முன்பக்கம் பார்க்கும் முன் பின்பக்கம் பார்க்க வேண்டும். பின்னால் ஸ்டூடியோ முத்திரை இருக்கிறதா, கொடாக், வெலொக்ஸ், அக்ஃபா, கெவார்ட் என்று கடதாசிக் கொம்பனியின் பெயர் மங்கலாக ஓடுகிறதா, அஞ்சலட்டைக் கோடு போட்டிருக்கிறதா? கரை நேராக வெட்டியதா, பல்லுப் பல்லாக வெட்டியதா? பல்வெட்டுக் கரை 1930 முதல் 1950கள் வரை மிகப் பரவலாக இருந்தது. உண்மையான வெள்ளிப் படத்தைச் சரித்துப் பிடித்தால் கறுத்த இடங்களின் ஓரத்தில் நீலம் கலந்த கண்ணாடி மினுக்கம் தெரியும், வெள்ளி மேலே வந்து நிற்பது அது.

அடுத்தது கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா டோர்ச். இருட்டறையில் படத்தின் பின்பக்கத்தில் அடியுங்கள். புதுச்சேட்டு மாதிரிப் பளீரென்று வெள்ளை நீலமாக ஒளிர்ந்தால் கடதாசியில் வெண்மையூட்டி இருக்கிறது. படக்கடதாசியில் அது சேரத் தொடங்கியது 1950களில், ஆகவே அந்தப் பிரதி போர்க்காலத்தில் கழுவியது ஆகாது. ஒளிராவிட்டால் பழையது என்று முடிவுகட்டவும் கூடாது, வெண்மையூட்டி இல்லாத கடதாசி பிறகும் வந்தது.

உங்கள் படத்தில் ஊதா டோர்ச்சுக்கும் தேவை வராது. அம்மப்பாவின் பக்கத்தில் நிற்கும் வெள்ளைக்கார மாலுமியின் தோளுக்குக் குறுக்கே ஒரு மடிப்புக் கோடு தெரிகிறது. நீங்கள் அனுப்பிய பின்பக்கத்தில் அந்த இடத்தில் மடிப்பே இல்லை. விரலால் தடவினால் முன்னாலும் தட்டுப்படாது, தடவிப் பார்த்துச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரிகிற கீறல் விரலுக்குத் தெரியாவிட்டால், அது படத்தைப் படம் எடுத்த பிரதி. மடிந்த அசல் வேறு எங்கோ இருந்திருக்கிறது. பின்னால் எழுதிய 1942 என்பதும் போல்பொயின்ட் பேனாவின் எழுத்து. போல்பொயின்ட் கடைக்கு வந்ததே 1940களின் நடுவில். யாரோ பிறகு நினைவில் இருந்து எழுதிய ஆண்டு. பொய் என்று சொல்லவில்லை, சாட்சி என்று எடுக்க முடியாது என்கிறேன்.

சரி, மாலுமி யார்? தொப்பிப் பட்டியை வடிவாகப் பாருங்கள். பிரித்தானியப் போர்க்கப்பல்களின் பெயருக்கு முன்னால் வரும் எச்.எம்.எஸ். என்ற எழுத்து மட்டும் இருக்கிறது, கப்பலின் பெயர் இல்லை. போர்க்காலத்தில் எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று எதிரிக்குத் தெரியக்கூடாது என்று பெயரை எடுத்துவிட்டு வெறும் எச்.எம்.எஸ். போட்ட பட்டியைக் கொடுத்தார்கள். ஆகவே படம் எடுத்தது போர்க்காலத்தில் என்பதற்கு இது நல்ல ஆதாரம். எந்தக் கப்பல் என்பதற்கு ஆதாரமே இல்லை. திருகோணமலையில் அந்த ஆண்டுகளில் எத்தனையோ கப்பல் வந்து போனது. "எச்.எம்.எஸ். ஹெர்மிஸ்" என்று முழுப்பெயர் உள்ள பட்டியை 1942இல் மூழ்கியவருடையது என்று விற்கிறவர்களிடமும் கவனம். அதே பெயரில் இன்னொரு விமானந்தாங்கி 1959இல் சேவைக்கு வந்து 1982 போக்லாந்துப் போருக்கும் போனது. பிறகு இந்தியா வாங்கி விராட் என்று பெயர் மாற்றியது. சந்தைக்கு வரும் பட்டிகளில் பல அந்தக் கப்பலுடையவை.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பலர் ஏமாறுவது. நெகட்டிவ்வைத் திருப்பிப் போட்டுக் கழுவினால் இடம் வலமாகும். ஆணின் சேட்டில் பொத்தான் அவருடைய வலப்பக்கத்தில் இருக்க வேண்டும், பதக்கம் இடது மார்பில் இருக்க வேண்டும். மாறியிருந்தால் படத்தையே திருப்பிப் படியுங்கள், கைப்பட்டியின் எழுத்தும் அப்போதுதான் புரியும். உங்கள் படம் சரியாகத்தான் இருக்கிறது.

பொத்தான், சின்னம் இருந்தால் அதிலுள்ள முடியை, அதாவது கிரீடத்தைப் பாருங்கள். மேற்பகுதி வளைந்து உருண்டு நிற்கிற முடி 1901 முதல் 1952 வரை இருந்த மன்னர் முடி. நடுவில் பள்ளம் விழுந்த முடி எலிசபெத் அரசியார் காலத்தது. 1972இல் குடியரசானபின் முடியே இல்லை. முடி போட்ட பித்தளைப் பொத்தான் எல்லாம் ஆமிப் பொத்தான் என்று நினைக்க வேண்டாம். பொலிஸ், ரெயில்வே, கச்சேரிப் பியோன் எல்லாருக்கும் பித்தளைப் பொத்தான் இருந்தது. சி.ஜி.ஆர். என்று இருந்தால் அது இலங்கைப் புகையிரதம். மட்டக்களப்பில் எனக்கு ஆமி என்று வந்த பொத்தான்களில் பாதிக்கு மேல் ரெயில்வேயும் பொலிசும்தான்.

பெட்டியில் கடதாசிகள் இருந்தால் அவற்றை எறிந்துவிடாதீர்கள். பர்மா விழுந்து அரிசி வரவு நின்ற 1942இல் பங்கீடு வந்தது. அந்தக் கூப்பன் புத்தகங்களும் தணிக்கை முத்திரை குத்திய கடித உறைகளும் பதக்கத்தை விட அரிதாகத்தான் தப்பியிருக்கின்றன. சில்லறைக்கு உலோகம் இல்லாத அந்த வருடம் 5 சதத்துக்குத் தாள் அடித்தார்கள். நடுவில் முத்திரை மாதிரித் துளை வரிசை. கிழித்தால் ஒரு துண்டு 2 சதம், மற்றது 3 சதம். கிழியாத முழுத்தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது, உள்ளங்கைக்குள் அடங்கும். போர் என்றால் என்ன என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் துப்பாக்கிக் கோதை எடுக்க மாட்டேன், இதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

இனி நீங்கள் கடைசி வரியில் மெதுவாகச் சொன்ன விஷயம். படுவான்கரை வயலில் உழும்போது வந்த ரவைக்கோது, ஒரு துண்டு வரிச்சீருடை, பெயர் தெரியாத ஓர் இரும்புருண்டை. தம்பி, அந்த இரும்புருண்டையை இன்றைக்கே தொடாமல் விடுங்கள். கையில் எடுத்து எங்கேயாவது வைத்திருந்தால் வைத்த இடத்திலேயே இருக்கட்டும். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் 119க்கோ பக்கத்துப் பொலிசுக்கோ சொல்லுங்கள், அவர்கள் குண்டு செயலிழக்கச் செய்பவர்களைக் கூட்டி வருவார்கள். துருப்பிடித்தால் செத்துப்போச்சு என்பது பிழை, துருப்பிடித்தது சிலவேளை புதியதை விட மோசம். என்னவென்று அறிய எனக்குப் படம் அனுப்பவென்று கிட்டப் போகவும் வேண்டாம். சுடாத ரவை ஒன்று வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம். தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் சின்னம், சீருடை என்று நினைவுக்காக வைத்திருந்தாலும் விளக்கம் கேட்கும் இடத்தில் "சேகரிப்பு" என்ற சொல் உதவாது. உலகப் போர்ச் சாமானைச் சேர்ப்பது பொழுதுபோக்கு. நம் வீட்டு முற்றத்தில் நடந்ததற்கு அந்தச் சொல் எனக்கு வராது.

படங்கள் வேறு. 1978 நவம்பர் 23 சூறாவளி, 1990 இடப்பெயர்வு, 2004 சுனாமி என்று மூன்று தரம் அல்பங்கள் அழிந்த மாவட்டம் இது. அடையாள அட்டைக்கு எடுத்த சிறு படத்தைப் பெருப்பித்துச் சுவரில் மாட்டிய வீடுகள் எத்தனை. மட்டக்களப்புக் காந்தி பூங்கா முன்னால் காணாமல் போனவர்களின் தாய்மார் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்பதும் அப்படிப்பட்ட படங்களைத்தான். பழைய சாமான் கடையில் யாரோ ஒருவர் வீட்டு அல்பம் வந்தால் வாங்கலாம், ஆனால் முகங்களை உடனே போனில் பரப்பாதீர்கள். சுற்றுவட்டத்தில் விசாரித்து வீட்டைத் தேடுங்கள். எனக்கு அப்படி இரண்டு தரம் வாய்த்தது. ஒரு வீட்டில் படத்தை வாங்கிக்கொண்டு தேத்தண்ணி தந்தார்கள், மற்ற வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இரண்டும் அவர்கள் உரிமை.

கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிய்க்க வேண்டாம், கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யுங்கள். ஒருமுறை பிய்த்து ஒரு மணப்பெண்ணின் முகத்தையே கண்ணாடியில் விட்டவன் சொல்கிறேன். நனைந்த படங்களைச் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலசி, முகம் மேலே இருக்க நிழலில் காயவிடுங்கள், வெயிலும் ஹெயார் டிரையரும் ஆகாது. ஒட்டுப் பக்கமும் பிளாஸ்ரிக் தாளும் உள்ள அல்பத்திலிருந்து மெல்ல வெளியே எடுங்கள். அந்தப் பசை ஆண்டுக்கணக்கில் படத்தைத் தின்னும். ஸ்கேன் அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில், இரண்டு பக்கமும். பின்னால் எழுதுவதானால் மெல்லிய பென்சில், ஓரத்தில், அழுத்தாமல். நூலக நிறுவனம் ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் காக்கிறது, ஒரு பிரதியை அங்கே சேர்ப்பது நல்லது.

விலை கேட்டீர்கள். பெயரில்லாத பாதுகாப்புப் பதக்கம் லட்சக்கணக்கில் வழங்கப்பட்டது, விற்றால் ஒரு நல்ல விருந்துச் சாப்பாட்டுக் காசுதான் மிஞ்சும். குவளைக்குப் பித்தளை நிறை விலைக்கு மேல் ஒள்ளுப்பம் கிடைக்கலாம். அது சாமியறையிலேயே பூவோடு இருக்கட்டும். ஆனால் அந்தப் பதக்கம் தபாலில் வரும்போது ஒரு சின்ன மட்டைப் பெட்டியில், மேலே முகவரியோடு, உள்ளே பதக்கங்களின் பெயர் அச்சிட்ட ஒரு துண்டுக் கடதாசியோடு வந்தது. பெயரில்லாத பதக்கத்துக்குப் பெயர் கொடுப்பது அந்த மட்டைப் பெட்டிதான். பர்மாவா இல்லையா என்பதையும் அந்தத் துண்டுக் கடதாசி சொல்லிவிடும்.

பெரியம்மா கல்லாற்றில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மடிப்பு விழுந்த அசல் படம் அவரிடம் இருக்கிறதா என்று ஒருமுறை போய்க் கேளுங்கள், பதில் சொல்லும்போது போனில் பதிவு செய்யுங்கள். "பர்மாவா?" என்று நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டாம், "ஆர் இது?" என்று மட்டும் கேளுங்கள். போகுமுன் றங்குப்பெட்டியின் அடியில் விரித்த பழைய பேப்பரைத் தூக்கிப் பாருங்கள். பத்துப் பெட்டியில் ஆறில் மட்டைப் பெட்டியும் கடிதமும் அதற்குக் கீழேதான் கிடக்கும். அந்தப் பேப்பரையும் எறியாதீர்கள், மேலே திகதி இருக்கும்.